எட்டு, எழுபத்தேழு

கடலுக்குள் நிற்கிறது ஒரு மலையணில்.
கன்னியாகுமரிக்கு மேற்கே, கரை தெரியாத தூரத்தில்,
படகுகூட இல்லாமல்.
தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்ததையெல்லாம்
யாரோ வெட்டிவிட்டார்கள்.
அட்சம் எட்டு. தீர்க்கம் எழுபத்தேழு.
அவ்வளவு பெரிய வாலை
அலையில் என்ன செய்யும்?

வெட்டூர்ணிமடத்தில் மாடி அறை.
இணைப்பு ஏழு தயாரிக்கிறேன்.
தேரூர்ப் பக்கம் ஒரு புறவழிச் சாலை,
குளத்தின் வடக்கு மூலையைத் தொட்டுப் போகும்.
தொட்டு என்பது அறிக்கையின் சொல்.
நாலாயிரம் லோடு மண் என்பது
வேறு இணைப்பில் வரும்.

பத்து கிலோமீட்டர் வட்டம் போட்டுத்
தரவுத்தளத்தைத் திறந்தால்
புள்ளிகள் கொத்துக் கொத்தாய் விழுகின்றன,
கார் நிறுத்த இடமுள்ள கரைகளில்,
ஞாயிற்றுக்கிழமைகளில்,
டிசம்பரில், ஜனவரியில்.
மற்ற நாளெல்லாம் பறவைகளுக்கு விடுமுறைபோல.
தவளைக்கு மூன்று பதிவு.
நத்தைக்கு ஒன்றுமில்லை.
பனையேறிக்கெண்டை இன்னும்
இந்த மாவட்டத்துக்குக் குடிவரவில்லை.

சாலை தொடப்போகும் குளத்தின் மேல்
விழுந்த கட்டம் வெள்ளை.
அங்கே பஸ் நிற்காது, அதுதான் விஷயம்.
அருமைராஜ் சார் எட்டிப் பார்த்தார்.
"பதிவு இல்லேன்னா இல்லேன்னு போடு மக்கா."
ஒரு இல்லைக்கும் இன்னொரு இல்லைக்கும் நடுவே
குளம் நிறையத் தண்ணீர் கிடக்கிறது.
தட்டினேன்: இல்லை.
சம்பளம் ஐந்தாம் தேதி.

களப்பணி மூன்று நாள், சித்திரை வெயிலில்.
இரண்டாம் நாள்,
டயர் ட்யூபில் மிதந்து தாமரை பறிக்கும் சுயம்புகனி
ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு
குத்தகைக்காரர் தாணுலிங்கத்திடம் நோட்டை நீட்டினாள்.
பூ குறைந்த நாளுக்கெல்லாம் காரணம் எழுதவேண்டும்.
தோவாளைச் சந்தைக்கு வண்டி கிளம்பும்வரை
அதை வாங்கிச் சும்மா பின்னோக்கிப் புரட்டினேன்.

ஆடி 12. 340 பூ. வடக்கு மூலை பறிக்கல. எலமேல முட்ட, நாலு.
ஆடி 13. 352. மேற்படி.
ஆடி 19. 290. மழை. முட்ட கெடக்கு.
ஆவணி 6. 410. குஞ்சு எறங்கிட்டு. மூலையும் பறிச்சாச்சு.

"என்ன பறவை?"
"வாலு நீளம். பூன மாதிரி கத்தும்.
முட்ட செம்புக் கலரு.
எழுதி வச்சும் அறுபது ரூவா பிடிச்சாரு,
அத எழுதுங்க."

நீளவால் இலைக்கோழி.
நாள் இருக்கிறது, இடம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது,
ஒன்றும் மாறாத நாளுக்கு
மேற்படிகூட இருக்கிறது.
எம்.எஸ்சி. ஆய்வேட்டில்
நான் இப்படி ஒரு பக்கம் எழுதியதில்லை.

படிவம் கேட்டது: நோக்குநர் எண்?
படம்?
அட்சம், தீர்க்கம்?
வடக்கு மூலை என்றேன்.
சிவந்துபோனது.

ராத்திரி பத்தரை.
கடலில் விழுந்த பதிவுகளை நீக்கவேண்டும், அது விதி.
விரலை அணிலின் மேல் வைத்துவிட்டு
வரிசையை வலப்பக்கம் இழுத்தேன், இழுத்தேன்,
யாரும் போகாத கடைசிப் பத்தி வரை.
குறிப்பு: கீரிப்பாறை. ரப்பர் முடியும் இடம். அயனி மரம்.

அணிலைக் கரையேற்றினேன்.
நம் பத்து கிலோமீட்டருக்குள் அது வராது,
அறிக்கையில் ஒரு எழுத்தும் மாறாது,
இருந்தாலும்.

பிறகு வெள்ளைக் கட்டத்துக்குத் திரும்பினேன்.
வடக்கு மூலையை வரைபடத்தில் தேடி
ஆறு தசமம் வரை கொடுத்தேன்.
நோக்குநர்: சுயம்புகனி.
முறை: ட்யூபில் மிதந்து.
இனப்பெருக்கம்: உறுதி.
குறிப்பு: பூ குறைவு. கூலியில் பிடித்தது ரூபாய் அறுபது.

சேமிக்கவா என்று கேட்கிறது.
கீழே சாரின் பைக் வந்து நிற்கும் சத்தம்.